நாற்பது வயதில் தண்ணீர் பயத்தை வெல்ல முடியுமா? தொடங்கியதைப் பாதியில் விடும் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

கிணற்றடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, இப்போது திருச்சியில் வேலை பார்க்கிறேன். ஒன்பது வயதில், நீச்சல் பழக்குகிறேன் என்று சொல்லி, உறவினர் ஒருவர் என் இடுப்பில் எதையும் கட்டாமல் எங்கள் வயல் கிணற்றில் என்னைத் தூக்கிப் போட்டார். இரண்டு ஆள் மட்டம் தண்ணீர் கிடந்தது. மேலே பார்த்தபோது கிணற்றின் வாய் ஒரு வெளிச்ச வட்டமாகச் சுருங்கிக்கொண்டே போனதும், காதுக்குள் பம்ப் செட் ஓடும் சத்தம் மட்டும் கேட்டதும் இன்றும் நினைவிருக்கிறது. வேறொருவர் குதித்து என் தலைமுடியைப் பிடித்துப் படிக்கு இழுத்து வந்தார். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு நான் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் இறங்கியதில்லை.

இவ்வளவு நாள் இதை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை. தண்ணீர் பக்கம் போகாமல் வாழ்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சென்ற மே மாதம் குடும்பத்துடன் பாபநாசம் சென்றிருந்தோம். படித்துறையில் என் ஏழு வயது மகள் தாமிரபரணியில் காலை வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க ஏன் வரல?" என்று கேட்டாள். காய்ச்சல் அடிக்கிறது என்று பொய் சொன்னேன். அவள் ஈரக் கையோடு ஏறி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள். பயந்ததைவிட, பயத்தை மறைக்கக் குழந்தையிடம் பொய் சொன்னதுதான் என்னை வருத்துகிறது.

இதற்கு முன் மூன்று முறை நீச்சல் வகுப்பில் சேர்ந்து, மூன்று முறையும் ஒரு வாரம் முடிவதற்குள் நின்றுவிட்டேன். முதல் நாள் இரவே, மறுநாள் போகாமலிருக்க ஒரு காரணம் மனத்தில் தயாராகிவிடுகிறது: மழை, அலுவலகத்தில் தணிக்கை, தொண்டை கரகரப்பு. 'இன்று வேண்டாம்' என்று முடிவெடுத்த நொடியில், நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்தது போன்ற நிம்மதி வருகிறது. சாயங்காலத்துக்குள் அதுவே வெட்கமாக மாறிவிடுகிறது. என்னிடம் இருப்பது பயமா, அல்லது எதையும் தொடர்ந்து செய்யும் கட்டுப்பாடு இல்லாத குணமா என்பதே எனக்கு விளங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

நீச்சல் பயிற்றுநர் எழுதியது:

வணக்கம் நண்பரே. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன். உங்களைப் போல வளர்ந்தபின் வருபவர்களில் பாதிப்பேருக்கு மேல் இப்படி ஒரு கிணறோ குளமோ பின்னால் இருப்பதைக் கண்டிருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "தூக்கிப் போட்டால் தானாக நீச்சல் வந்துவிடும்" என்பது நம் ஊர் முறையே அல்ல. பெரியவர்கள் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டுவார்கள். அது கிடைக்காத இடத்தில் வாழைத்தண்டு. அடுத்த தலைமுறையில் லாரி டியூப் வந்தது. நாள் போகப்போக இரண்டு குடுக்கை ஒன்றாகும், பிறகு அதுவும் கழன்றுவிடும். பிள்ளைக்கே தெரியாமல் பாரம் மெல்ல மெல்லத் தண்ணீருக்குக் கைமாறும். உங்களுக்கு நடந்தது பழக்கம் அல்ல, விபத்து. அதை உங்கள் கோழைத்தனத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் மூன்று முறை விட்டதற்குக் காரணம் கட்டுப்பாடு இல்லாமை மட்டுமாக இருக்காது என்று நினைக்கிறேன். பல இடங்களில் முதல் நாளே கம்பியைப் பிடித்துக் காலை அடிக்கச் சொல்லி, மூன்றாம் நாள் பலகையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பயம் இல்லாதவருக்கு அது சரி. பயம் உள்ளவருக்குக் கை கால் வீச்சு எதுவும் ஏறாது, ஏனென்றால் அவர் மனம் முழுவதும் மூச்சில் இருக்கும். ஆகவே முதல் பத்து நாள்கள் நீந்தவே முயல வேண்டாம். மூன்றரை அடி ஆழத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மட்டும் பழகுங்கள். வாயால் காற்றை இழுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக விட வேண்டும். பயந்தவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, உள்ளே போனதும் மூச்சைக் கட்டிக்கொள்வது. அப்போது உடலுக்குள் கரியமில வாயு சேர்ந்து, மூச்சு விடச் சொல்லி உந்துகிறது. அந்த உந்துதலைத்தான் 'சாகப் போகிறேன்' என்று மனம் மொழிபெயர்த்துக்கொள்கிறது. காற்றைச் சீராக வெளியே விடுபவருக்கு இந்தத் தவிப்பு பெரிதும் குறைந்துவிடும். குளிர்ந்த நீரில் முகம் நனைந்தால் இதயத் துடிப்பு சற்றே மெதுவாவதும் நம் உடலின் இயல்பு. ஆனால் நெஞ்சில் திடீரென்று தண்ணீர் பட்டால் மூச்சு வெட்டி இழுக்கும். அதனால் இறங்குவதற்கு முன் கழுத்து, முகம், மார்பு என்று கையால் தண்ணீரை அள்ளி நனைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மிதப்பது. நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலானவர்களின் உடல் தண்ணீரைவிடச் சற்றே இலேசானது. ஆழ மூச்செடுத்து, முழங்கால்களை மார்போடு கட்டிக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். ஓர் அடி அமிழ்ந்துவிட்டு, முதுகு ஆமை ஓடு போலத் தானாக மேலே வரும். எத்தனை பேர் அந்த நொடியில் எழுந்து நின்று, "சார், அதுவே தூக்குது" என்று சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும். கிணற்றில் நீங்கள் தலையை மேலே தூக்கத் தூக்க, உங்கள் தலையின் எடையே உங்களை உள்ளே அழுத்தியிருக்கும். தலை எழும்போது கால் தாழும். தண்ணீர் உங்களை விழுங்க முயலவில்லை என்பதை அறிவால் ஏற்பது வேறு, முதுகால் உணர்வது வேறு. முதுகு உணரும்வரை அவசரப்படாதீர்கள்.

மூன்றாவதாக, யாரும் சொல்லித்தராத ஒன்று. மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது எப்படி என்று பழக வேண்டும். குப்புற மிதக்கும்போது முழங்கால்களை மார்புக்கு இழுத்து, இரு கைகளாலும் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தி, கடைசியாகத் தலையைத் தூக்க வேண்டும். கால் தரையைத் தொட்டுவிடும். இதை ஒரு நாளில் முப்பது முறை செய்யச் சொல்வேன். என் அனுபவத்தில், மிதக்கப் பயப்படுபவர்களில் பலருக்கு உண்மையில் இருக்கும் பயம், திரும்ப நிற்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான். நிற்கத் தெரிந்துவிட்டால் கம்பியைப் பிடித்த விரல்கள் தாமாகவே ஒவ்வொன்றாகத் தளரும்.

சேரும்போதே பயிற்றுநரிடம் கிணற்றுக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பவராக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

மதுரைத் தோழி எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். நான் 46 வயதில் நீச்சல் பழகியவள். பயத்தைப் பற்றிப் பயிற்றுநர் ஐயா சொல்லிவிட்டார். நான் பாதியில் விடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நானும் இரண்டு முறை விட்டவள். மூன்றாம் முறை எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். தண்ணீரில் இறங்காமல் இருக்க எனக்கு அனுமதி உண்டு. வீட்டில் இருக்க மட்டும் அனுமதி இல்லை. மனம் ஒப்பாத நாளில் குளத்துக்குப் போய், உடை மாற்றிக்கொண்டு, படியில் உட்கார்ந்து, கணுக்கால்வரை நனைத்துவிட்டுத் திரும்பி வரலாம், அதுவும் வகுப்புக்குப் போனதாகவே கணக்கு என்று வைத்துக்கொண்டேன். அந்த மூன்று மாதத்தில் அப்படிக் கணுக்காலோடு திரும்பியது ஐந்து நாள்கள். மற்ற நாள்களில், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று இறங்கிவிட்டேன். இரவே துண்டும் உடையும் வைத்த பையை வண்டியின் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் படுப்பேன். காலை ஐந்தரை மணிக்கு முடிவெடுக்க எதுவும் மிச்சம் வைக்கக் கூடாது. அந்த நேரத்து மனத்திடம் யோசனை கேட்டால் அது படுக்கையின் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லும்.

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம், பழகப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நானும் என் மகனிடம் இப்படித்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவன் தினமும், "இன்னைக்கு என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்பான். பதில் சொல்வதற்காகவே நான் போன நாள்கள் உண்டு.

மனநல ஆலோசகர் எழுதியது:

கேள்வியை எழுதியவர் தம்மை அறியாமலேயே நோயின் வேரைத் தொட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. "இன்று வேண்டாம் என்று முடிவெடுத்த நொடியில் வரும் நிம்மதி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிம்மதிதான் உங்கள் பயத்தின் தீனி. தவிர்த்தால் நிம்மதி கிடைக்கும் என்று ஒவ்வொரு முறையும் மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அதே பரிசைக் கேட்டு இன்னும் முன்னதாகவே, முதல் நாள் இரவிலேயே, அச்சத்தை எழுப்புகிறது. ஆகவே பயமா, கட்டுப்பாடின்மையா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. இதைக் குணக்கேடு என்று தீர்ப்பெழுதிக்கொண்டால் வெட்கம் கூடும். வெட்கம் கூடினால் குளம் இன்னும் தூரமாகும்.

பயத்தை ஒரேயடியாக எதிர்கொள்வதைவிடப் படிப்படியாக நெருங்குவது பலன் தரும் என்பதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் தனக்குப் பிடித்த உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலை அறையின் தொலைவான பக்கத்திலிருந்து நாளுக்கு நாள் சற்றுச் சற்றாக அருகில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். 1958இல் ஜோசப் வோல்ப்பே என்ற மனநல மருத்துவர் இந்தப் படிமுறையை ஒரு சிகிச்சையாகவே வகுத்தார். நம் சுரைக்குடுக்கையும் இதே அறிவுதான், பெயர் மட்டும் வைக்கப்படவில்லை.

இப்படிப் படிப்படியாக நெருங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பயம் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் கரையேறிவிட்டால், மூளை 'தப்பித்தேன்' என்று பதிவுசெய்யும். பாதுகாப்பான அதே ஆழத்தில், பயிற்றுநர் அருகில் நிற்க, படபடப்பு தானாகத் தணியும்வரை நின்றுவிட்டு ஏறினால், 'ஒன்றும் நேரவில்லை' என்ற பதிவு விழும். அதுவே மருந்து. கூடவே, பழைய நினைவு அழிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிணற்றின் வெளிச்ச வட்டம் அங்கேயே இருக்கும்; அதன் பக்கத்தில் புதிய நினைவு ஒன்று வளர்ந்து அதைவிடப் பலமாகும், அவ்வளவுதான். இதனால்தான் ஒரு மாத இடைவெளிக்குப் பிறகோ, வேறொரு குளத்திலோ பழைய பயம் திடீரென்று தலைதூக்கும். அது தோல்வி அல்ல, எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. முடிந்தால் இரண்டு மூன்று இடங்களில், வெவ்வேறு நேரங்களில் பழகுங்கள்.

கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்வதானால், 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலரும் சொல்வதை நம்பி மனமொடிய வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக ஊறிப்போக நடுவாக 66 நாள்கள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபடும் என்று கணித்தார்கள். அதைவிட உங்களுக்கு வேண்டிய செய்தி, இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குலைக்கவில்லை என்பது. நீங்கள் மூன்று முறையும் ஒரு நாள் தவறியதை முழுத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தோழி சொன்ன கணுக்கால் சட்டத்தை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். "மழை பெய்தால் குடையோடு போவேன், தணிக்கை இருந்தால் மாலை வகுப்புக்குப் போவேன்" என்று உங்கள் சாக்குகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரியை இன்றே எழுதி வையுங்கள்.

தூக்கத்தில் அந்தக் கிணறு அடிக்கடி வருகிறது, தண்ணீரைப் பார்த்தாலே மூச்சடைக்கிறது என்றால், குளத்துக்கு முன் நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். இதய நோயோ வலிப்போ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

பொருநைக்கரை எழுதியது:

தம்பி, எனக்கு வயது 68. ஆற்றங்கரையில் பிறந்து ஆற்றிலேயே வளர்ந்தவன். எல்லாரும் பயத்தை வெல்வது பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் அதில் ஒரு பங்கை வைத்துக்கொள்ளச் சொல்ல வந்தேன்.

நான் கண்டவரையில் ஆற்றோடு போனவர்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு. மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து தெரியாது; முழங்கால் அளவில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் மூழ்கிவிடுவான். தடுப்பணைக்குக் கீழே விழும் தண்ணீர் ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். பாசி பிடித்த படியில் கால் நிற்காது. 2021இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நீச்சல் குளத்தில் பெற்ற தைரியத்தை அப்படியே ஆற்றுக்குக் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர்கள் மூழ்கியபோது, கரையில் இருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரைசேர்த்தார்கள். இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. மானம், கூச்சம், ஊர் என்ன சொல்லும் என்பதையெல்லாம் ஒரு நொடியில் ஓரம் தள்ளிய அந்த மனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். மூழ்குபவனைக் கண்டு குதிப்பது எளிது. பயந்தவன் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் போவார்கள். சேலை, கயிறு, மூடிய காலிக் கேன், நீளமான கொம்பு, எது கையில் கிடைக்கிறதோ அதை வீச வேண்டும், நீட்ட வேண்டும். நீந்தத் தெரியாத இன்றைய நிலையிலும் உங்களால் ஓர் உயிரைக் காக்க முடியும். உங்கள் கிணற்றில் ஒரு கயிறு கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிணற்றடி எழுதியது (ஒன்பது வாரங்களுக்குப் பிறகு):

ஐயா, சகோதரி, நண்பர்கள் அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. எழுதுவதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அன்றிரவே மகளிடம், காய்ச்சல் என்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவள், "எனக்குத் தெரியும்ப்பா, நெத்தி சில்லுன்னு இருந்துச்சு" என்றாள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

வாரத்துக்கு ஐந்து நாள் என்று சேர்ந்து, இதுவரை 45 நாள்களில் 39 நாள் போயிருக்கிறேன். அவற்றில் நான்கு கணுக்கால் நாள்கள். மூன்றாம் வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் போகவில்லை. முன்பென்றால் அத்தோடு முடிந்திருக்கும். 'தவறிய நாளுக்கு அடுத்த நாள் கட்டாயம்' என்று எழுதி கண்ணாடியில் ஒட்டியிருந்ததால் நான்காம் நாள் போய் நின்றேன். மூச்சு விடுவதற்கே பதினெட்டு நாள் ஆயிற்று. முதல் முறை முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தை வைத்தபோது, அந்த ஓரடி அமிழ்வில் பம்ப் செட் சத்தம் காதுக்குள் உண்மையாகவே கேட்டது. எழுந்து நின்று கம்பியைப் பிடித்து அழுதேன். பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார். அன்றைக்கே இன்னும் இரண்டு முறை செய்தேன். மூன்றாவது முறை முதுகு மேலே வந்ததை உணர்ந்தேன்.

இப்போது குப்புற மிதந்து, காலடித்து, பத்து மீட்டர்போலப் போகிறேன். மல்லாந்து மிதக்க இன்னும் வரவில்லை. காதில் தண்ணீர் ஏறியதும் கழுத்து விறைத்துவிடுகிறது. ஐந்தடி ஆழத்தில் கம்பியோரமாக நிற்கப் பழகுகிறேன். அங்கே இன்னும் பயம் இருக்கிறது, ஆனால் முதல் நாள் இரவே வருவதில்லை, அங்கே போய் நின்ற பிறகுதான் வருகிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். பெரியவர் சொன்னபடி முப்பதடி நைலான் கயிறு வாங்கி, ஓரடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மோட்டார் அறைச் சுவரோரம் நட்டிருக்கும் கல்தூணில் கட்டி, மறுமுனையைத் தண்ணீரைத் தொடும்படி கிணற்றுக்குள் விட்டிருக்கிறேன். அதைக் கட்டுவதற்காக, 32 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் படியில் கடைசிக்கு முந்தைய கல்வரை இறங்கினேன்.

மல்லாந்து மிதக்கும்போது கழுத்து விறைப்பதற்குப் பயிற்றுநர் ஐயா ஏதாவது வழி சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

நீச்சல் பயிற்றுநர் எழுதியது:

படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. காதுகளை முழுவதும் தண்ணீருக்குள் விட்டுவிடுங்கள். பாதி நனைந்த காதுதான் கழுத்தை விறைக்க வைக்கும். பார்வையைக் கால் விரல்களில் வைக்காமல், நேர் மேலே ஒரு புள்ளியில் வையுங்கள். வயிற்றைத் தூக்கி, கைகளைச் சிலுவைபோல் விரித்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள்கள் பயிற்றுநரை உங்கள் பிடரிக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு விரல் போதும், உள்ளங்கை வேண்டாம்.